உடற்பருமனும் ஊர்வாயும்

சென்ற திங்கள் அன்பர் ஒருவர் இல்லத்து வளைகாப்பு விருந்துக்குச் சென்றிருந்தோம். எதிர்ப்பந்தியில் அமர்ந்திருந்த சகோதரி ஒருவர், ஒரு கரண்டி தயிர்ச்சோற்றை அரைமணி நேரமாக மென்றுகொண்டிருந்தார். "ஒரு ஜாங்கிரியாவது சாப்பிடுங்கள், அக்கா!" என்று பரிமாறிய பெண் வற்புறுத்தவே, மறுக்க மாட்டாமல் உண்டார். சற்று நேரத்தில் குளியலறைக்கு விரைந்து அத்தனையும் வாந்தியெடுத்தார்.

பின்னர் எம்மிடம் மனந்திறந்தார். நான்கு திங்களுக்கு முன் இரைப்பையைச் சுருக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டாராம். உறவினரிடம் குடலிறக்கம் என்று சொல்லியிருக்கிறார். "முன்பு பூசணிக்காய் என்றார்கள். தெரிந்தால், வாயைக் கட்ட முடியாமல் வயிற்றை வெட்டிக்கொண்டாள் என்பார்கள், இல்லையா?" என்றார். எம்மால் விடைகூற இயலவில்லை. அவரைக் கண்டு நகைத்தோருள் யாமும் ஒருகாலத்தில் இருந்தோம்.

இஃது அழகுக்காகச் செய்யும் சிகிச்சையன்று. 1966-இல் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் மேசன், இட்டோ என்னும் மருத்துவர்கள் இத்துறையில் புதுவழி திறந்தனர். இன்று மிகுதியாகச் செய்யப்படும் முறையில், இரைப்பையின் முக்கால் பங்குக்குக் குறையாமல் நீக்கி, எஞ்சியதைக் குழாய்போல் அமைக்கின்றனர். பசியைத் தூண்டும் சுரப்பும் அதனுடன் குறைகிறது. பலருக்கு நீரிழிவு தணிகிறது. ஆயினும் சத்து மாத்திரைகளை வாழ்நாளெல்லாம் விழுங்க வேண்டும். எடை இறங்கியபின் தோல் தளர்ந்து தொங்கும். இதனையா எளிய வழி என்கிறோம்?

எடையைக் கிலோவில் கொண்டு, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்ணே இதற்கு அளவுகோல். ஆசிய மக்களுக்கு 27.5-க்கு மேற்பட்டாலே இச்சிகிச்சையை அளிக்கலாம் என 2022-இல் உலக அறுவை மருத்துவர் சங்கங்கள் பரிந்துரைத்தன. நம் நாட்டுக் காப்பீட்டு ஆணையம் 2019-இல் வகுத்த விதியோ 40 கேட்டது. கடும் நோயுடையோர்க்கு 35. நம் சகோதரிக்கு நீரிழிவோடு 33. வளையல்கள் அடகுக்குப் போயின.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களுள் நூற்றுக்கு 40 பேர் மிகையெடையினர். இந்தியா முழுமைக்கும் 24. நகைக்கத் தொடங்கினால் நம்மவருள் வீட்டுக்கு ஒருவரையேனும் நகைக்க வேண்டிவரும்!

பெயரும் இடமும் குறிப்பிடாமல் எழுத இசைந்தார். மாட்டுங்காவில் தும்மினால் செம்பூரில் கேட்கும் சமூகம் அல்லவா நம்முடையது? அவர் மகளைப் பெண்பார்க்க அடுத்த வாரம் வருகிறார்களாம். மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை. அன்றைக்குப் பலகாரத்தட்டை நீட்டினால் என்ன செய்வதென்பதே அவர் கவலை.