சுவரில் எழுதிய ஊர்க்கணக்கு

இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயர் குன்றுகளுக்கு நடுவே வாரம் பெர்சி என்றொரு கிராமம் இருந்தது. இடைக்கால வீடுகள் நின்ற இடத்தில் இப்போது புல் மூடிய மேடுகள்தான் தெரிகின்றன. ஊர்க்கோயிலாக இருந்த புனித மார்ட்டின் தேவாலயம் மட்டும் கூரையிழந்து நிற்கிறது. அதன் பக்கச் சுவர்களில் பெரிய வளைவுகளைக் கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். அந்த ஊரின் வரலாற்றுக்கு அவையே திறவுகோல்.

அக்காலத்தில் பீடம் இருக்கும் பகுதியைப் பராமரிப்பது பங்குக் குருவின் பொறுப்பு. மக்கள் கூடும் நடுக்கூடத்துக்குச் செலவு செய்தவர்கள் ஊரார். ஆகவே ஊர் பெருகினால் கூடம் விரியும், ஊர் இளைத்தால் சுருங்கும்.

சிறிய மரக்கட்டடமாகத் தொடங்கிய ஆலயம் பிறகு கல்லுக்கு மாறியது. 12ஆம் நூற்றாண்டில் பெரிதாயிற்று. கூட்டம் கூடக்கூட, சுவரை வளைவுகளாகத் திறந்து தெற்கே ஒரு பக்கக்கூடம் சேர்த்தார்கள். பின்னர் வடக்கேயும் ஒன்று கட்டினார்கள்.

1348-49இல் இங்கிலாந்தைச் சூறையாடிய கொள்ளைநோய்க்குப் பின் பல கிராமங்களில் ஆள் குறைந்தது. உழவைவிடக் கம்பளி அதிக லாபம் தந்ததால் நிலவுடைமையாளர்கள் ஆடு வளர்க்கத் தொடங்கினார்கள். 1500ஐ ஒட்டி வாரம் பெர்சியின் கடைசிக் குடும்பங்களும் வெளியேற்றப்பட்டன. தேவையற்றுப் போன பக்கக்கூடங்கள் இடிக்கப்பட்டு வளைவுகள் அடைபட்டன.

ஊரே போனபின்னும் வழிபாடு நிற்கவில்லை. ஐந்து கிராமங்களுக்குப் பொதுவான பங்கு ஆலயம் அது. 1870இல் தங்களுக்கென ஓர் ஆலயம் எழும்வரை, அவற்றுள் ஒன்றான திக்ஸன்டேல் கிராமத்து மக்கள் இங்கேதான் வந்தார்கள். 1949இல் கடைசி வழிபாடு நடந்தது. 1959இல் கோபுரத்தின் ஒரு பகுதி சரிந்தது.

1950 முதல் 1990 வரை வரலாற்றாசிரியர் மாரிஸ் பெரஸ்ஃபோர்டும் தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்டும் இங்கே அகழாய்வு நடத்தினார்கள். கல்லறைத் தோட்டத்தில் சுமார் 700 எலும்புக்கூடுகள் கிடைத்தன. அக்காலக் குழந்தைகள் இன்றைய குழந்தைகளைவிட வளர்ச்சி குன்றியிருந்ததையும், ஒரு வயது தாண்டியும் தாய்ப்பால் குடித்ததையும் எலும்புகள் காட்டின.

மன்னர்களின் வரலாற்றுக்கு ஆவணங்கள் உண்டு. உழுதவர்களின் வரலாற்றை இப்படித்தான் கல்லிலும் எலும்பிலும் தேட வேண்டியிருக்கிறது. அதனால் பழைய ஆங்கிலேயக் கிராமத் தேவாலயத்துக்குப் போகிறவர்கள் வண்ணக் கண்ணாடிகளைப் பார்த்ததோடு திரும்பிவிடக் கூடாது. அடைபட்ட வளைவு, கோபுரத்தில் பதிந்த பழைய கூரையின் தடம், நடுவில் நிறம் மாறும் கல்வரிசை ஆகியவற்றையும் நின்று பார்க்க வேண்டும்.