பி.பார்ம் படித்தால் கடையில்தான் நிற்க வேண்டுமா?

உயர்கல்வி வழிகாட்டல் வகுப்பில் பார்மசி என்றதும் பெற்றோர் பலர் கேட்பது இதைத்தான்: "நாலு வருஷம் படித்துவிட்டு மெடிக்கல் ஷாப்பில் நிற்கவா?"

மருந்துக் கடையில் நிற்பதே பெரிய பொறுப்பு. மருத்துவரின் சீட்டுக்கு மருந்து கொடுக்கப் பதிவுபெற்ற மருந்தாளுநருக்கு மட்டுமே உரிமை உண்டு என்கிறது 1948ஆம் ஆண்டின் பார்மசி சட்டம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடும் முதியவர் முழங்கால் வலிக்கு ஆஸ்பிரினும் கேட்டால், இரண்டும் சேர்ந்து உள்ளே இரத்தக்கசிவை உண்டாக்கலாம். அதைக் கண்டு தடுத்து நிறுத்தக்கூடிய கடைசி ஆள் மருந்தாளுநர்தான்.

இன்னொரு தவறான எண்ணம், இது உயிரியல் பிரிவினருக்கு மட்டுமான படிப்பு என்பது. இயற்பியல், வேதியியலுடன் கணிதம் படித்தவர்களும் பி.பார்ம் சேரலாம். அவர்களுக்கு முதல் பருவத்தில் அடிப்படை உயிரியலும், உயிரியல் பிரிவினருக்கு அடிப்படைக் கணிதமும் பாடமாகவே இருக்கின்றன. நீட் மதிப்பெண் தேவையில்லை. சென்னை, மதுரை அரசு மருத்துவக் கல்லூரிகளில் பி.பார்ம் உண்டு; பிளஸ் 2 மதிப்பெண் அடிப்படையில் கலந்தாய்வு நடக்கிறது.

டி.பார்ம் 2 ஆண்டு. பிறகு 500 மணி நேரப் பயிற்சி. முடித்தவர்கள் பி.பார்ம் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். குடும்பச் சூழலால் சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டிய மாணவருக்கு இந்த வழியைத்தான் நான் முதலில் சொல்வேன். பார்ம்.டி 6 ஆண்டு. கடைசி ஆண்டு முழுக்க மருத்துவமனைப் பயிற்சி.

வேதியியல் ஆசிரியர்கள் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். சில மாத்திரைகள் வயிற்றின் அமிலத்தில் கரையாமல் குடலுக்குப் போன பிறகே கரைகின்றனவே, எப்படி? மேல்பூச்சுதான் விடை. அதை வடிவமைப்பதும் சோதிப்பதும் பார்மசி படித்தவர்களின் வேலை. உற்பத்தி, தரக் கட்டுப்பாடு, ஆராய்ச்சி, பக்கவிளைவுக் கண்காணிப்பு எனத் தொழிற்சாலைப் பக்கம் பல வாய்ப்புகள். அரசு மருத்துவமனை மருந்தாளுநரை மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமும், மருந்து ஆய்வாளரைத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையமும் தேர்ந்தெடுக்கின்றன. ஆய்வாளர் பணிக்கு டி.பார்ம் போதாது, பட்டம் வேண்டும். தனியார் கடைகளில் தொடக்கச் சம்பளம் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

சேர்க்கைக்கு முன் நாம் உதவ வேண்டிய இடம் ஒன்று உண்டு. இந்திய பார்மசி கவுன்சிலின் அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தால், மாநில கவுன்சிலில் மருந்தாளுநராகப் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லையென்றால் கடையும் இல்லை, மருத்துவமனை வேலையும் இல்லை. கட்டிய பணமும் போனதுதான். "எங்களுக்கு அங்கீகாரம் இருக்கிறது" என்ற விளம்பரத்தை மட்டும் நம்ப வேண்டாம். மாணவர் சேரும் அதே படிப்புக்கு, அதே கல்வியாண்டுக்கு அங்கீகாரம் உண்டா, எத்தனை இடங்களுக்கு என்பதைக் கவுன்சிலின் இணையதளத்தில் பார்க்கலாம். பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்திலேயே பெற்றோரை அருகில் உட்காரவைத்துப் பார்த்துவிடுங்கள், முன்பணம் கட்டுவதற்கு முன்பாக.