தண்டுக்குள் ஒரு திருடன்

தெலுக் இந்தான் வட்டாரத்தில் ரப்பர் இருந்த இடமெல்லாம் பெரும்பாலும் செம்பனையாகிவிட்டது. லயத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபோனவர்கள் பலர். ஆனாலும் வீட்டுக்குப் பின்னால் கையகல நிலம் கிடைத்தால் போதும், பயற்றங்காய்க்குக் கொம்பு நட்டுவிடுவார்கள் நம் தாய்மார்கள். கறிச் செலவு மிச்சமாகும் அல்லவா!

விதை முளைத்து, இரண்டு இலை விரிந்து, மனம் மகிழும் வேளையில் செடி திடீரென்று மஞ்சளாகித் தலைசாயும். "கண் பட்டுவிட்டது" என்பார் பாட்டி. "தண்ணீர் போதவில்லை" என்பார் தாத்தா. வாடிய செடியைப் பிடுங்கி, மண்ணை ஒட்டிய தண்டைப் பாருங்கள். அது பருத்து வெடித்திருந்தால் தோலை நகத்தால் கீறுங்கள். உள்ளே சின்னஞ்சிறு வெள்ளைப் புழுவோ பழுப்பு நிறக் கூடோ இருந்தால், திருடன் அகப்பட்டான்!

இவன் பெயர் தண்டு ஈ. நீளம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான். நிறம் பளபளக்கும் கறுப்பு. 1895-இல் ஹென்றி டிரையான் என்ற ஆஸ்திரேலிய அறிஞர் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். தாய் ஈ இளம் இலையில் முட்டையிடும். சில நாளில் புழு வெளிவந்து, இலை நரம்பு, காம்பு, தண்டு என்று குடைந்துகொண்டே வேரடிக்கு இறங்கும். அங்கேயே கூடாகி, ஈயாகிப் பறந்துவிடும். எல்லாம் ஏறக்குறைய மூன்று வாரத்தில் முடிந்துவிடும்.

இந்த ஈக் குடும்பத்தில் சுமார் 3,000 இனங்கள் உண்டு. பெரும்பாலானவை தமக்கென்று சில செடிகளையே நாடும். பூவும் காயும் இல்லாமல் குச்சி குச்சியாக வளரும் குதிரைவால் செடியைப் பாத்திரம் துலக்கவே பயன்படுத்துவார்கள், அவ்வளவு சொரசொரப்பு! அதன் தண்டைக் குடைந்து வாழவும் ஓர் ஈ இருக்கிறது.

செடி மஞ்சளான பிறகு மருந்து அடிப்பதில் பயனில்லை. புழு தண்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. விஷமோ நாளை நம் பிள்ளைகள் உண்ணும் காயில் படுகிறது. தோட்டத்தில் மருந்து தெளித்து உடல் கெட்டவர்களை நாம் அறிவோம். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை மலேசியா 2020-இல் தடை செய்ததும் நினைவிருக்கட்டும்.

மேலும், கண்ட மருந்தையும் தெளித்தால் நம் நண்பர்களும் மடிவார்கள். 1968-இல் இந்த ஈ ஹவாய்த் தீவுகளில் புகுந்தது. மறு ஆண்டே கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து இரண்டு வகைச் சிறு குளவிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை இந்தப் புழுவின் உடலுக்குள் முட்டையிட்டு, அதன் இனத்தைக் கட்டுப்படுத்தின.

நாம் செய்யவேண்டியது என்ன?

செடி முளைத்த இரண்டு, மூன்று வாரத்தில் அடித்தண்டுக்கு மண் அணையுங்கள். புழு குடைந்த இடத்துக்கு மேலே புதுவேர் விட்டு, பல செடிகள் பிழைத்துக்கொள்ளும். காய்ந்த புல்லை அடியில் பரப்பி ஈரத்தைக் காத்துவாருங்கள். செத்த செடியைக் குப்பைமேட்டில் எறியாமல், பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள். காய்த்து ஓய்ந்த பழைய கொடியின் அருகே புதிய விதை ஊன்றாதீர்கள். அங்கே ஒரு போகம் வெண்டையோ கீரையோ போடுங்கள்.

மருந்துப் புட்டியைத் தேடுமுன் மண்வெட்டியை எடுங்கள், தாய்மார்களே! காசும் மிச்சம், பிள்ளைகளுக்கும் நலம்.