வரியும் வாய்க்காலும்

இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக எழுதிய 'கிதாபுல் கராஜ்' வரி வசூலை மட்டும் பேசும் நூலன்று. நீர்நிலைகளை யார் செலவில் பேணுவது என்பதையும் அது வகுத்துரைக்கிறது. தஜ்லா, ஃபுராத் போன்ற பேராறுகளின் கரைகளும் மதகுகளும் பைத்துல்மாலின் பொறுப்பு. தத்தம் வயலுக்குப் பிரியும் சிறு வாய்க்கால் அவரவர் பொறுப்பு. பயன் பரவும் அளவுக்கு ஏற்பவே செலவைச் சுமப்பவரும் அமைய வேண்டும் என்பது இதன் உட்பொருள். இவ்வளவுகோலைக் கொண்டு திருப்பூரை நோக்குவோம்.

அங்குள்ள பின்னலாடைத் தொழில் மூன்றடுக்கு அரசுகளுக்கும் வரி செலுத்துகிறது. 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி. மத்திய, மாநில அரசுகளுக்குரியது. சொத்துவரியும் குடிநீர்க் கட்டணமும் மாநகராட்சிக்குரியவை. ஏற்றுமதி ஆடைக்கு ஜி.எஸ்.டி. சுமை இல்லை, நூலுக்கும் சாயமேற்றலுக்கும் செலுத்திய வரியைத் திரும்பப் பெறலாம். எரிபொருள் வரி, மின்சார வரி போன்று அதில் அடங்காதவற்றை ஈடுசெய்ய 2019இல் மத்திய அரசு தனித் திட்டம் வகுத்தது. வரி விலையில் ஏறினால் வங்கதேசத்து ஆடை முந்திக்கொள்ளும். திருப்பித் தருவது தாமதமானாலோ சிறு உற்பத்தியாளரின் முதல் முடங்கும்.

ஆயினும் வரிச்சலுகை மட்டுமே வளர்ச்சியைத் தாங்காது. 1995இல் உருவான புதிய திருப்பூர் பகுதி வளர்ச்சிக் கழகம், 1,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில், பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் நீர் கொண்டுவரும் திட்டத்தை நிறைவேற்றிற்று. தொழிலுக்கு நீர் வந்தது. சாயப்பட்டறைகளின் உப்புநீரோ நொய்யலில் கலந்தது. பாசனத்திற்கென எழுந்த ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. உழவர்கள் தொடுத்த வழக்கில், கழிவுநீர் ஒரு துளியும் ஆற்றில் சேரலாகாது என்று 2006இல் தீர்ப்பளித்த சென்னை உயர் நீதிமன்றம், அது நிறைவேறாமையால் 2011 ஜனவரியில் பட்டறைகளை மூட ஆணையிட்டது. சாயமின்றிப் பின்னலாடைத் தொழிலே தள்ளாடியது. அவ்வாண்டே மாநில அரசு, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது.

இமாம் அவர்களின் அளவுகோலின்படி, தன் கழிவைத் தூய்மையாக்குவது பட்டறையின் கடமை. ஆற்றைக் காப்பது அரசின் கடமை. இரண்டும் பிந்தியதால், ஆற்றுநீரை நம்பிய உழவரும் நாட்கூலியை நம்பிய தொழிலாளரும் அதன் விலையைக் கொடுத்தனர். இன்றும் சாலையும் வடிகாலும் மாநகராட்சியின் பொறுப்பாயிருக்க, ஜி.எஸ்.டி.யில் அதற்கென அரசியலமைப்பு வரையறுத்த பங்கு எதுவுமில்லை; மேலிருந்து வரும் மானியத்தையே அது எதிர்நோக்குகிறது. ஆகவே வரி விகிதம் எவ்வளவு என்று வினவுவதோடு நில்லாமல், கடமையைச் சுமக்கும் அரசின் கைக்கு உரிய பொருள் சேர்கிறதா என்றும் நாம் வினவ வேண்டும்.