தில்லி செங்கோட்டை: அரண்மனை முதல் அருங்காட்சியகம் வரை

சுதந்திர தினத்தன்று பிரதமர் தேசியக் கொடியேற்றும் இடமாகவே தில்லி செங்கோட்டை பெரும்பாலோருக்கு அறிமுகம். ஆனால், ஏறத்தாழ 4 நூற்றாண்டுகளில் இக்கோட்டையின் பயன்பாடு பலமுறை மாறியுள்ளது. இம்மாற்றங்களில் பல ஆட்சி மாற்றத்தின் விளைவாகும்.

ஆக்ராவிலிருந்து தலைநகரை மாற்றிய முகலாயப் பேரரசர் ஷாஜகான், 1639-இல் தொடங்கிய கோட்டைப் பணி 1648-இல் நிறைவடைந்தது. 1739-இல் பாரசீக மன்னர் நாதிர் ஷா தில்லியைச் சூறையாடி, மயிலாசனத்தைக் கொண்டு சென்றார். 1803-க்குப் பிறகு முகலாயப் பேரரசர்கள் ஆங்கிலேயரின் ஓய்வூதியத்தை நம்பியே அரண்மனையில் வசித்தனர்.

1857 கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட பின், கடைசிப் பேரரசர் பகதூர் ஷா ஜாஃபர், தமது அரசவை மண்டபமான திவான்-இ-காஸிலேயே 1858-இல் விசாரிக்கப்பட்டு, ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டார். உள்ளிருந்த அரண்மனைக் கட்டடங்களில் பெரும்பகுதியை இடித்த ஆங்கிலேயர், அவ்விடத்தில் ராணுவக் குடியிருப்புகளை எழுப்பினர்.

1945-இல் இந்திய தேசிய ராணுவத்தின் ஷா நவாஸ் கான், பிரேம் சாகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகியோர் மீதான வழக்கு இக்கோட்டையில்தான் நடந்தது. புலாபாய் தேசாய் அவர்களுக்காக வாதாடினார். ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டபோதிலும், நாடெங்கும் எழுந்த எதிர்ப்பால் அது ரத்தானது. 1947 ஆகஸ்ட் 16-இல் ஜவாஹர்லால் நேரு இங்கு மூவர்ணக் கொடியேற்றினார். அடுத்த ஆண்டு, மகாத்மா காந்தி கொலை வழக்கின் விசாரணையும் இங்கேயே நடைபெற்றது.

சுதந்திரத்துக்குப் பிறகும் கோட்டையின் பெரும்பகுதி இந்திய ராணுவத்தின் வசமே இருந்தது. 2003 டிசம்பரில் ராணுவம் வெளியேறியதைத் தொடர்ந்து, இந்திய தொல்லியல் ஆய்வுத் துறையிடம் கோட்டை முழுமையாக ஒப்படைக்கப்பட்டது. 2007-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இங்கு பாதுகாக்க வேண்டியது எந்தக் காலத்தின் கோட்டையை என்ற கேள்வி எழுவது இயல்பே. ராணுவக் குடியிருப்புகள் அரண்மனையின் அழிவுக்குச் சாட்சி. ஆனால், அவற்றை அகற்றினால் காலனி ஆட்சிக் கால வரலாற்றின் தடயங்களும் அழிந்துவிடும். எனவே, அவை சீரமைக்கப்பட்டன. நேதாஜி, 1857 கிளர்ச்சி உள்ளிட்டவை குறித்த அருங்காட்சியகங்கள் 2019-இல் அவற்றில் திறக்கப்பட்டன. இன்று செங்கோட்டைக்குச் செல்வோர், முகலாயரின் பளிங்கு மண்டபங்களையும் ஆங்கிலேயரின் ராணுவக் கட்டடங்களையும் ஒரே வளாகத்தில் காணலாம்.