நீரில் தங்கும் மருந்து

சென்னையின் மேற்குப் புறநகர் ஏரிகளில் கழிவுநீர் கலப்பதைப் பற்றிய பேச்சு, நாற்றம், நுரை, ஆகாயத்தாமரை ஆகியவற்றோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதே கழிவுநீரில் கரைந்து வரும் ஆண்டிபயாடிக் மருந்துகளின் எச்சம், அதாவது பாக்டீரியாவைக் கொல்லவோ அதன் பெருக்கத்தைத் தடுக்கவோ தரப்படும் மருந்துகளின் மிச்சம், கண்ணுக்கோ மூக்கிற்கோ எட்டுவதில்லை. இக்கட்டுரை அந்த மாசைப் பற்றியது.

மனிதர் உட்கொள்ளும் ஆண்டிபயாடிக் முழுவதையும் உடல் சிதைத்துவிடுவதில்லை. அதில் ஒரு பங்கு வீரியம் குறையாமலே சிறுநீரிலும் மலத்திலும் வெளியேறிச் சாக்கடையை அடைகிறது. உலகில் அதிகம் பயன்படும் 40 ஆண்டிபயாடிக்குகளை மக்கள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 29,200 டன் உட்கொள்வதாகவும், அதில் சுமார் 8,500 டன் ஆறுகளில் சேர்வதாகவும் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025-இல் கணக்கிட்டனர். மருந்துத் தொழிற்சாலைக் கழிவு மற்றொரு வழி. ஹைதராபாத்தை அடுத்த பட்டன்செருவில், பல மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றும் பொது நிலையத்தின் நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆண்டிபயாடிக் இருந்ததை ஸ்வீடன் ஆய்வாளர் யோவாகிம் லார்சன் குழுவினர் 2007-இல் வெளியிட்டனர். சிகிச்சை பெறும் நோயாளியின் இரத்தத்தில் காணப்படும் அளவைவிட அது பல மடங்கு அதிகம்.

ஆலைக் கழிவோடு ஒப்பிட்டால் வீட்டுச் சாக்கடையில் வரும் அளவு மிகச் சிறியது என்றாலும், அதைத் தீங்கற்றதாகக் கருத முடியாது. பாக்டீரியாவைக் கொல்லப் போதாத அளவிலும்கூட மருந்து, தன்னைத் தாங்கும் வகைகளுக்குச் சாதகமாக அமைந்து, மற்றவற்றைப் பின்னுக்குத் தள்ளக்கூடும். தாங்கும் திறனுக்குரிய மரபணுக்கள் பல, பிளாஸ்மிட் எனப்படும் தனித்த டி.என்.ஏ. வளையங்களில் அமைந்திருப்பதால், ஒரு பாக்டீரியா தன் இனத்துக்கு மட்டுமன்றி வேற்றினத்துக்கும் அவற்றைக் கடத்துகிறது. குடல் பாக்டீரியாவும் மண் பாக்டீரியாவும் மருந்து எச்சமும் ஒன்றுசேரும் கழிவுநீர், இந்தப் பரிமாற்றத்துக்கு ஏற்ற இடமாகிறது. நீர்நிலையின் வாழ்வும் இதனால் குலைகிறது. உணவுச் சங்கிலியின் அடித்தளத்தில் உள்ள நீலப்பசும் பாசிகளும், அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றி நீரைத் தூய்மைப்படுத்தும் பாக்டீரியாக்களும் ஆண்டிபயாடிக்கால் பாதிக்கப்படக்கூடியவை.

சென்னைக்கு இச்செய்தி புதிதன்று. கடைசிக்கட்ட மருந்துகளான கார்பபெனெம் வகையையே செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்.-1 என்ற நொதியைப் பற்றி 2010-இல் லான்செட் குழும இதழில் வெளியான ஆய்வின் முதன்மை ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. அந்த ஆய்வில் சென்னையிலிருந்து மட்டும் இந்த நொதியைக் கொண்ட 44 பாக்டீரியா மாதிரிகள் இடம்பெற்றன. மறு ஆண்டு புதுதில்லியில் சோதிக்கப்பட்ட 50 குழாய்நீர் மாதிரிகளில் இரண்டிலும், தெருவில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51-லும் அந்த நொதிக்குரிய மரபணு காணப்பட்டது. மருத்துவமனைக்குள் அடங்கியதாகக் கருதப்பட்ட சிக்கல் தெருநீரிலும் இருப்பதை அது காட்டியது.

இந்த அறிவோடு பார்த்தால், அம்பத்தூர்த் தொழிற்பேட்டைச் சுற்றுப்புறத்துக் கழிவுநீர் மழைநீர்க் கால்வாய் வழியே கொரட்டூர் ஏரியில் கலப்பதை எதிர்த்து அப்பகுதி மக்கள் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது, ஓர் ஏரியின் அழகுக்கான வழக்கு மட்டுமன்று. பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத தெருக்களின் கழிவு மழைநீர் வடிகாலில் விடப்படும்போதும், செப்டிக் டேங்க்கிலிருந்து உறிஞ்சிய கழிவை லாரிகள் கால்வாய்க்கரையில் கொட்டும்போதும், பருத்திப்பட்டையும் திருவேற்காட்டையும் கடந்து நகருக்குள் வரும் கூவத்துக்கு மருந்து எச்சமும் அதைத் தாங்கும் பாக்டீரியாவும் சேர்ந்தே செல்கின்றன. வழக்கமான சுத்திகரிப்பு நிலையம் கரிமக் கழிவைக் குறைக்க அமைக்கப்பட்டதே அன்றி மருந்து மூலக்கூறுகளை அகற்ற அமைக்கப்பட்டதன்று. எனினும் அது சுமையைக் குறைக்கிறது. தொழிற்சாலைகளுக்கு நீர் தருவதற்காகக் கோயம்பேட்டில் அமைக்கப்பட்ட, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள எதிர்சவ்வூடு பரவல் நிலையத்தைப் போன்றவை மருந்து மூலக்கூறுகளைப் பெருமளவு பிரித்தெடுக்க வல்லவை. அங்கு மிஞ்சும் அடர்கழிவைப் பாதுகாப்பாகக் கையாள்வதும் அவ்வளவு முக்கியம்.

சட்டம் இதில் பின்தங்கியே நிற்கிறது. மருந்து ஆலைக் கழிவில் ஆண்டிபயாடிக் எச்சத்துக்கு மத்திய அரசு 2020 ஜனவரியில் முன்மொழிந்த வரம்புகள், 2021-இல் வெளியான இறுதி விதிகளில் இடம்பெறவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2024 செப்டம்பரில் இதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டுவிட்ட நிலையில், அந்த வரம்புகளை மீண்டும் கொண்டுவருவது அரசின் கடமை. மழைநீர் வடிகாலிலிருந்து சாக்கடையை முற்றாகப் பிரிப்பது உள்ளாட்சிகளின் கடமை. மருத்துவர் சீட்டின்றி ஆண்டிபயாடிக் வாங்காமலும், மிஞ்சிய மாத்திரையைக் கழிப்பறையில் கொட்டாமலும் இருப்பது ஒவ்வொரு வீட்டின் கடமை. ஏரியைக் காப்பது, நாளை நோயுறும் குழந்தைக்கு மருந்து பலிப்பதைக் காப்பதும் ஆகும்.