திரை மாறினாலும் கணக்கு மாறாது

வணிகர்களாகிய நமக்கு மாற்றம் புதிதல்ல. 1957 ஏப்ரல் முதல் தேதி அணாக் கணக்கு போய், ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று வந்தது. அதையடுத்து வீசையும் படியும் போய்க் கிலோவும் லிட்டரும் வந்தன. 2007ல் மதிப்புக் கூட்டு வரி வந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. ஒவ்வொரு முறையும் "இனிமேல் கடை நடத்த முடியாது" என்றுதான் பேசிக்கொண்டோம். ஒவ்வொரு முறையும் நடத்திக்கொண்டுதான் இருக்கிறோம்.

இப்போது மாற்றம் கல்லா மேஜை மீதே வந்து உட்கார்ந்திருக்கிறது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நம் கடைகளில் இருக்கும் பழைய கணினிகளில் பல விண்டோஸ் 11 ஏற்றத் தகுதி இல்லாதவை. "லினக்ஸ் போட்டுவிடுங்கள், காசு கிடையாது" என்று கணினிக் கடைத் தம்பிகள் சொல்கிறார்கள். எங்கள் மண்டியில் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் வேலை நடக்கிறது. அண்மையில் அதைப் புதிய பதிப்புக்கு உயர்த்தினோம். திரையின் தோற்றம் மாறியது. அதனால் என்ன நடந்தது, எப்படிச் சமாளித்தோம் என்பதைச் சக வணிகர்களுக்குச் சொல்வது பயன்படும் என்றே இதை எழுதுகிறோம்.

கிடங்கு வேறு, முகப்பு வேறு

லினக்ஸ் என்பது பின்லாந்து நாட்டு மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ல் தொடங்கிய இயங்குதளத்தின் கரு. அதன்மேல் பலரும் பலவற்றைச் சேர்த்து உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன் என்று பல பெயர்களில் வெளியிடுகிறார்கள். சென்னை சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அந்த வகையைச் சேர்ந்ததே.

கரு என்பது நம் கிடங்கு போன்றது. நாம் பார்க்கும் திரை கடையின் முகப்பு போன்றது. கிடங்கில் மூட்டை அடுக்கியது அடுக்கியபடி இருக்க, முகப்பில் பலகையை எடுத்துவிட்டுக் கண்ணாடிக் கதவு போடலாம் அல்லவா? அப்படித்தான் இங்கும். இந்த முகப்பை டெஸ்க்டாப் என்கிறார்கள். உபுண்டுவில் இருக்கும் முகப்பின் பெயர் க்னோம். பதிப்பு மாறும்போது பெரும்பாலும் நம் கண்ணில் படுவது இந்த முகப்பு மாற்றமே. கோப்புகளும் கணக்குகளும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

2011ல் எழுந்த முணுமுணுப்பு

முகப்பு மாறியதற்காகக் கோபப்பட்டவர்கள் நாம் மட்டுமல்ல. 2010 வரை உபுண்டுவில் திரையின் மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை. மேல் பட்டையில் மூன்று பட்டியல்கள். கீழ்ப் பட்டையில் திறந்திருக்கும் வேலைகள். யாருக்கும் குழப்பமில்லை. 2011 ஏப்ரலில் க்னோம் 3 வந்தது. அதே மாதம் வந்த உபுண்டு 11.04 பதிப்பில் யூனிட்டி என்ற வேறொரு முகப்பை வைத்தார்கள். இடது ஓரத்தில் படங்களின் வரிசை வந்தது. பழகிய பட்டியல்கள் மறைந்தன.

பயன்படுத்துவோர் பலர் கொதித்துப் போனார்கள். லினக்ஸைத் தொடங்கிய டோர்வால்ட்ஸே க்னோம் 3 பிடிக்காமல் எக்ஸ்.எப்.சி.இ. என்ற எளிய முகப்புக்கு அப்போது மாறிக்கொண்டார். பழைய முகப்பே வேண்டும் என்றவர்கள் அந்தப் பழைய நிரலை எடுத்து 'மாத்தே' என்ற பெயரில் தொடர்ந்தார்கள். மின்ட் குழுவினர் 'சின்னமன்' என்று ஒன்றைச் செய்தார்கள். மாத்தே என்பது தென் அமெரிக்காவில் தேயிலை போல் ஊறவைத்துக் குடிக்கும் ஓர் இலை. சின்னமன் நம் கடைப் பட்டை. மளிகைக்காரர்களுக்கு மறக்காத பெயர்கள்தான்!

விண்டோஸும் இதற்கு விலக்கல்ல. 2012ல் வந்த விண்டோஸ் 8ல் ஸ்டார்ட் பொத்தானை எடுத்தார்கள். எதிர்ப்பு வந்ததும் 2013ல் 8.1ல் திரும்ப வைத்தார்கள். உபுண்டுவும் 2017 அக்டோபரில் யூனிட்டியைக் கைவிட்டு க்னோமுக்கே திரும்பியது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நயா பைசா வந்தபோது பழைய காசை அன்றே செல்லாது என்று சொல்லவில்லை. சில ஆண்டுகள் இரண்டும் கூடவே புழங்கின. உபுண்டு 11.04லும் உள்ளே நுழையும்போது பழைய முகப்பைத் தேர்ந்துகொள்ள வழி வைத்திருந்தார்கள். ஆறே மாதத்தில், அடுத்த பதிப்பில், அந்த வழியை எடுத்துவிட்டார்கள். புதியதை மக்கள் வெறுப்பதற்குப் பாதிக் காரணம், பழகுவதற்கு அவகாசம் இல்லாததுதான்.

எங்கள் மண்டியில்

எங்கள் பருப்பு மண்டியில் இரண்டு கணினிகள். இரண்டிலும் உபுண்டு 20.04 இருந்தது. அதற்கான ஐந்தாண்டு ஆதரவு 2025ல் முடிந்தது. பதிவு செய்துகொண்டால் ஐந்து கணினிகள் வரை கட்டணமில்லாமல் மேலும் ஐந்தாண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் பெறலாம் என்றாலும், என்றாவது மாறத்தான் வேண்டும் என்று முடிவு செய்தோம். 20.04லிருந்து 22.04க்கு ஏறி, அங்கிருந்து 24.04க்கு ஏற வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கணினியை மட்டும் ஏற்றினோம். மற்றதைப் பத்து நாள் பழையபடியே விட்டுவைத்தோம். பழைய காசும் புதிய காசும் சேர்ந்து புழங்கிய கதைதான்.

எங்கள் கணக்குப்பிள்ளைக்கு வயது அறுபத்தெட்டு. நாள்வழியும் பேரேடும் எழுதிய காலத்திலிருந்து எங்களோடு இருப்பவர். திங்கட்கிழமை காலை லாரி நிற்கிறது, சரக்கு ஏறுகிறது. அவர் புதிய திரையைப் பார்த்தபடி நிற்கிறார். மேல் இடது மூலையில் 'ஆக்டிவிட்டீஸ்' என்று ஒரு சொல் இருக்கும். அதைத் தொட்டுத்தான் அவர் எதையும் திறப்பார். அந்தச் சொல்லைக் காணோம். பையன்கள் சிரித்தார்கள். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து பழைய கணினிக்குப் போய் பில் போட்டார்.

மாலையில் வந்து, "அண்ணாச்சி, இனிமே நான் சிட்டையை மட்டும் பாத்துக்கிறேன். இந்தப் பெட்டியைப் பையன்க பாக்கட்டும்" என்றார்.

இது சாதாரணப் பேச்சல்ல என்பது வணிகர்களுக்குத் தெரியும். எந்தப் பார்ட்டி எத்தனை நாளில் பணம் தருவார், யாருடைய பழைய பாக்கி எதில் கழிந்தது என்பதெல்லாம் அவர் தலையில் இருக்கிறது. 50 கிலோ சிப்பத்தின் விலையை 30 கிலோ சிப்பத்துக்குப் போட்டுவிட்ட பில்லை ஒரே பார்வையில் பிடிப்பவர் அவர்தான். பையன்கள் வேகமாகத் தட்டுவார்கள். தட்டியது சரியா என்று பார்க்கும் கண் அவருடையது. திரையின் மூலையில் ஒரு சொல் மறைந்ததற்காக அந்தக் கண்ணை இழப்பதா?

"பெட்டி உங்களுடையதுதான். பத்து நாள் பழையதும் இருக்கும், எது கைக்கு வருகிறதோ அதில் போடுங்கள்" என்று சொன்னோம். மறுநாள் கடை திறப்பதற்கு முன் அரை மணி நேரம் அவரோடு உட்கார்ந்து, எது மாறியிருக்கிறது, எது மாறவில்லை என்று இரண்டு பத்தியாக எழுதினோம். பற்று வரவு எழுதுவது போல அவர் கையாலேயே எழுதினார்.

மாறியவை

ஆக்டிவிட்டீஸ் என்ற சொல் போய், அதே மூலையில் ஒரு சிறு வெள்ளைக் கோடும் புள்ளியும் வந்திருக்கின்றன. தொட்டால் பழைய வேலையையே செய்கிறது. வலது மேல் மூலையைத் தொட்டால் வரிசையான பட்டியலுக்குப் பதில் பொத்தான்கள் நிறைந்த பெட்டி திறக்கிறது. கணினியை நிறுத்தும் பொத்தானும் அதற்குள்ளேதான். திரையைப் படம் பிடிக்கும் விசையை அழுத்தினால் உடனே பிடிக்காமல், எந்தப் பகுதி வேண்டும் என்று கேட்கிறது. முகப்பில் புதிதாக வைக்கும் கோப்பு வலது கீழ் மூலையில் போய் அமர்கிறது. அமைப்புகளுக்குள் சென்று அதை இடது மேல் மூலைக்கு மாற்றிக்கொள்ளலாம். மேலும் கீழுமாக அடுக்கியிருந்த வேலைத்தளங்கள் பக்கம் பக்கமாக நிற்கின்றன.

மாறாதவை

விண்டோஸ் படம் போட்ட விசையை அழுத்தி, வேண்டியதன் பெயரில் இரண்டு எழுத்து அடித்தால் அது வந்து நிற்கிறது. 2011லும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். ஆல்ட்டும் டேபும் சேர்த்து அழுத்தினால் அடுத்த வேலைக்குத் தாவுகிறது. கன்ட்ரோலோடு எஸ் சேமிக்கிறது, பி அச்சடிக்கிறது. இடது ஓரப் பட வரிசை இடது ஓரத்திலேயே இருக்கிறது. லிப்ரே ஆபீஸில் போட்ட விலைப்பட்டியல் ஓர் எண் குறையாமல் அப்படியே இருக்கிறது.

எழுதி முடித்ததும் கணக்குப்பிள்ளை, "மாறாததுதான் அண்ணாச்சி நீளமா இருக்கணும்" என்று சொல்லி அந்தப் பத்தியில் மேலும் நாலைந்து சேர்த்தார். அந்த அட்டை கல்லா அருகே ஒட்டப்பட்டது. ஒன்பதாம் நாள் அவர் பழைய கணினிப் பக்கம் போகவே இல்லை. அடுத்த ஞாயிறு அதையும் ஏற்றினோம்.

மாறப் போகும் வணிகர்கள் கவனத்திற்கு

1. உபுண்டுவில் இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரலில் வரும் நீண்டகால ஆதரவுப் பதிப்பையே எடுங்கள். அதற்கு ஐந்தாண்டு ஆதரவு உண்டு. இடையில் வரும் பதிப்புகளுக்கு ஒன்பது மாதமே.

2. ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது. பென் டிரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். பில் அச்சடிக்கும் பிரிண்டர், பார்கோடு கருவி, தமிழ் 99 விசைப்பலகை மூன்றும் வேலை செய்கின்றனவா என்று அப்போதே பாருங்கள்.

3. டாலி போன்ற மென்பொருள்கள் விண்டோஸுக்காகச் செய்யப்பட்டவை. அதையே நம்பிக் கணக்கு வைத்திருப்பவர்கள் ஆடிட்டரைக் கலந்துகொள்ளாமல் லினக்ஸுக்கு மாற வேண்டாம். இணையத்தில் இயங்கும் பில் மென்பொருளுக்கும் ஜி.எஸ்.டி. தளத்துக்கும் இந்தச் சிக்கல் இல்லை.

4. எல்லாக் கோப்புகளையும் வெளியே இரண்டு பிரதி எடுத்த பிறகே கை வையுங்கள். ஒரு பிரதி கடையில், ஒன்று வீட்டில்.

5. நாள் பாருங்கள். மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்பவர்களுக்கு 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் முக்கியம். அந்த வாரங்களிலும், தீபாவளி, பொங்கல் சரக்கு ஓடும் நேரத்திலும் வேண்டாம்.

6. எல்லாக் கணினிகளையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒன்றாவது பழையபடி இருக்கட்டும்.

7. எவ்வளவு முயன்றும் கை பழகவில்லை என்றால், மாத்தே அல்லது எக்ஸ்.எப்.சி.இ. முகப்பை அதே கணினியில் கூடுதலாக நிறுவிக்கொள்ளலாம். உள்ளே நுழையும்போது வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.

நிறைவாக ஒரு வேண்டுகோள். லினக்ஸுக்கு விலை இல்லை என்பது உண்மையே. ஆனால் பழகும் நாட்களுக்கு ஒரு விலை உண்டு. அதை முதலாளிதான் கொடுக்க வேண்டுமே தவிர, நாற்பது வருடம் உழைத்த கணக்கர் தன் மானத்தால் கொடுக்கக் கூடாது. நம் கடைகளில் இப்படிப்பட்ட பெரியவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். மாற்றத்துக்கு முன்பே அவர்களிடம் சொல்லுங்கள். பத்து நாள் கொடுங்கள். பையன்களைச் சிரிக்காமல் சொல்லித்தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் ஒரு ஞாயிறு பிற்பகல் சங்கக் கட்டிடத்தில் இரண்டு கணினிகளை வைத்து, முதலாளிகளையும் கணக்கர்களையும் ஒன்றாக உட்காரவைத்துப் பழக்கினால் நன்மை பயக்கும். எங்கள் கடை அட்டையை நகல் எடுத்துத் தர எங்கள் கணக்குப்பிள்ளை தயாராக இருக்கிறார். கேட்டவர்களுக்கு இதுவரை ஆறு பிரதி கொடுத்திருக்கிறார்.